பாதியில் நின்ற சங்கீதம்

ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. இந்த ஐந்து நாளும் அவள் உலகத்தைக் கவிழ்ந்து படுத்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிச் சீருடை தைக்கும் மெஷினில் குனிந்திருந்தபோது வலது கண்ணில் கறுப்புத் திரை இறங்கியதும், மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், விலகிய விழித்திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழை விட்டதும் போன வாரக் கதை. அந்தக் குமிழ் விழித்திரையை அழுத்தி நிற்க வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். பத்து நாள். மணிக்கு ஐம்பது நிமிடம் கவிழ்ந்தே கிடக்க வேண்டும். மிச்சம் பத்து நிமிடத்தில் சாப்பாடு, குளியலறை எல்லாம்.

"தலையத் தூக்குனீங்கன்னா நான் ஒட்டினது பிரிஞ்சுரும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவள் தூக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகக் குனிந்தே சம்பாதித்த கழுத்து. வளையம் போல ஒரு மெத்தையை எப்படித் தைப்பது என்று மகளுக்குப் படுத்தபடியே சொல்லிக்கொடுத்து, அதில் முகத்தைப் பொருத்திக்கொண்டாள். வளையத்தின் ஓட்டை வழியே தெரிவது இரண்டு சதுரத் தரை ஓடு. இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். ஓட்டின் கோடு தெரியும், எழுத்து தெரியாது.

அதனால்தான் வேதப்புத்தகத்தை வேறு யாராவது வாசிக்க வேண்டியிருந்தது.

இருபத்து மூன்று வருஷமாகக் காலை ஐந்தரைக்குச் சமையலறை மேஜையில் ஒரு அதிகாரம். மகளுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டிருந்த வாரம் ஆரம்பித்தது. பாதி வாய்விட்டு, பாதி மனதுக்குள் வாசிப்பாள். ஒரு வரியைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு முழுவதும் அந்த வரியோடு மெஷின் ஓடும். காலர் வைக்கும்போது ஒரு தடவை, பொத்தான் துளை போடும்போது ஒரு தடவை.

"தினமும் ஏதாவது தோணுமாம்மா?" என்று மகள் ஒரு முறை கேட்டாள்.

"பாதி நாள் ஒண்ணும் தோணாது. தினம் சாப்பிடறதெல்லாம் ருசிச்சா சாப்பிடறோம்? அதுக்காக நிறுத்திடறோமா?"

மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு தெரு தள்ளி வீடு. முதல் இரண்டு நாள் அவள்தான் தன் போனில் வேத வாசிப்பைப் போட்டுவிட்டாள். கணீரென்ற ஆண்குரல். பின்னால் மெல்லிய இசை வேறு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நில்லுன்னா நிக்க மாட்டேங்குது" என்றாள் அம்மா. "உங்க அப்பாவ வாசிக்கச் சொல்லு."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் நின்றிருந்த அப்பா அசையவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருஷமாக அந்தப் புத்தகத்தைத் தொடாதவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவார். கடைசி பெஞ்சில் உட்காருவார். பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார், வாயைத் திறக்க மாட்டார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய மச்சினன், அவளுடைய ஒரே தம்பி, ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் இறந்துபோனான். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். லிஃப்ட்டின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பான். மேலே மோட்டார் அறையில் இருப்பவருக்கு அவன் எந்த மாடியில் இருக்கிறான் என்று அதை வைத்தே தெரியும். 'விசில்' என்பதே அவன் பெயராகிவிட்டது. அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்க வேண்டியவர் அவர்தான். காய்ச்சல் என்று படுத்துவிட்டார். விசில் போனான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் மேஜையில் புத்தகத்தைத் திறந்தாள். அவர் வாசலில் நின்று, "இன்னிக்குமா?" என்று கேட்டார். அழுது வீங்கிய முகத்தோடு அவள், "இன்னிக்குத்தான்" என்றாள். அதற்கப்புறம் அவர் அந்த மேஜைப் பக்கம் காலையில் வருவதில்லை.

ஆனால் கவிழ்ந்து கிடக்கும் மனைவியிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் அவர் கட்டிலின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து பைபிளின் முப்பதாம் சங்கீதப் பாடலை வாசித்தார். நான்காம் நாள் முப்பத்தொன்று.

"அப்பா வாசிக்கிறது லிஃப்ட்ல மாடி நம்பர் சொல்ற மாதிரியே இருக்கு" என்று மகள் சிரித்தாள்.

"கதவு மூடாம வாசிக்கிறாரே, அது போதும்" என்றாள் அம்மா, ஓட்டைக்குள்ளிருந்து.

---

ஐந்தாம் நாள். ஐந்தரை மணி. ஜன்னலில் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது.

அவர் வந்து உட்கார்ந்தார். ஓட்டையின் வழியே அவருடைய கால் விரல்கள் அவளுக்கு மங்கலாகத் தெரிந்தன. பக்கம் புரளும் சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு வசனம் போனது.

"என்னங்க."

"ம்?"

"இது முப்பத்திமூணு."

"அப்படியா?"

"முப்பத்திரண்டு எங்க?"

"பக்கம் ஒட்டிக்கிட்டிருந்திருக்கும்."

"பிரிச்சுப் பாருங்க. வரிசைய விட வேண்டாம். எனக்குப் பிடிச்சதா பார்த்துப் பார்த்துப் படிச்சா, அப்புறம் அது நான் பேசறதுதான்."

பக்கம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. முந்தின நாள் மாலை, அடையாளத்துக்கு வைத்திருந்த அளவு நாடாத் துண்டைச் சரியாக நகர்த்தி வைக்கலாம் என்று திறந்தவர், அடுத்த சங்கீதத்தின்மேல் கண்ணை ஓட்டிவிட்டார். அதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பவும் பக்கம் புரண்டது. அவர் வாசித்தார். மன்னிக்கப்பட்டவன் எத்தனை பாக்கியவான் என்று தொடங்கும் சங்கீதம். பிறகு பாடுகிறவன் தன்னைப் பற்றிச் சொல்கிறான். சொல்லாமல் அடக்கி வைத்திருந்த காலமெல்லாம் எலும்புகள் உலர்ந்தன, ராவும் பகலும் ஒரு கை தன்மேல் பாரமாக இருந்தது, உள்ளே இருந்த ஈரமெல்லாம் கோடை வெயிலில் போனது போலப் போய்விட்டது. நான்காம் வசனத்தின் கடைசியில் ஒரே ஒரு வார்த்தை தனியாக நின்றது.

"சேலா" என்று வாசித்தார்.

"அது வாசிக்கறதுக்கு இல்லைங்க. அங்க நிறுத்தணும்னு அர்த்தம்னு போதகர் சொல்லியிருக்கார். கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். அவளும் சும்மா இருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போயிற்று.

கொஞ்ச நேரம் அதிக நேரமாயிற்று. தரையில் அவருடைய கால் விரல்கள் உள்ளே மடங்குவதை அவள் கவனித்தாள்.

"என்னங்க? அடுத்து படிங்க."

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்த அன்னிக்கு?

"வேற கம்பெனியில இன்டர்வியூ. யாருக்கும் தெரிய வேண்டாம்னு காய்ச்சல்னு சொல்லிட்டேன். நீ சீக்கிரமே வேலைக்குப் போயிட்ட. உன்கிட்டயும் போன்ல அதையேதான் சொன்னேன்."

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அதுக்கு முந்தின நாளே அந்த லிஃப்ட் பிரேக் வழுக்கறத நான் பார்த்தேன். நாளைக்கு நாமதானே வரப்போறோம், வந்து மாத்திக்கலாம்னு எழுதி வைக்காம வந்துட்டேன். காலையில அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். காய்ச்சல்ல கிடக்கறவன் எப்படி வேலையப் பத்திப் பேசறதுன்னு... அப்புறமா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். இன்டர்வியூக்குள்ள போனை அணைச்சு வெச்சுட்டேன். வெளிய வந்து பார்த்தா அவன் ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான்."

"ரெண்டு தடவை."

"ஆமா."

"எத்தன மணிக்கு?"

"பத்தே கால். பத்து இருபது."

தம்பி விழுந்தது பத்தரைக்கு என்று அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும்.

கவிழ்ந்திருப்பவளின் கண்ணீர் கன்னத்தில் ஓடுவதில்லை. நேராகத் தரையில் விழுகிறது. ஓட்டின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று. எழுந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்து போங்க" என்றாள்.

அவர் புத்தகத்தை மூடித் தரையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

---

எட்டு மணிக்கு மகள் சொட்டு மருந்து போட வந்தாள். அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்ததும் திடுக்கிட்டாள்.

"என்னம்மா, இடது கண்ணும் இப்படிச் சிவந்திருக்கு? வலிக்குதா?"

"கண்ணுல ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எங்க?"

மகள் மருந்தை விட்டு, கண் மூடியைப் பொருத்தி, சமையலறைக்குப் போனாள். அப்பா ஆறிப்போன காபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய கைகள் மேஜைமேல் கழற்றி வைத்த உதிரிப் பாகம் போலக் கிடந்தன.

"சண்டையாப்பா?"

"இல்லம்மா. தப்பு என்மேல."

"என்ன தப்பு?"

"சொல்றேன். உனக்கு முன்னாடி வேற ஒருத்தர்கிட்ட சொல்லணும்."

கடைக்கு நேரமாகிவிட்டது. மகள் திரும்பி அம்மாவிடம் வந்து குனிந்தாள். "சாயங்காலம் அத்தை வர்றாங்களே. மனசு சரியில்லைன்னா இன்னொரு நாள் வரச் சொல்லட்டுமா?"

அத்தை என்பது விசிலின் மனைவி. ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. அண்ணியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் லீவு போட்டு வருகிறாள். இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளும் யாரையும் குற்றம் சொல்லாதவள். 'அண்ணன் பாவம், காய்ச்சலோட படுத்திருந்தார், அவருக்குத்தான் ரொம்ப மனசு விட்டுப்போச்சு' என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னவள்.

அம்மாவின் கை கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது.

"வரட்டும்" என்றாள்.

அந்தக் காலை முழுவதும் அவள் பட்டது வேதனை. வழக்கமாக ஒரு வரி இருக்கும் கையில். இன்று இல்லை. பழைய வரிகளைத் தேடினாள். இருபத்து மூன்று வருஷம் வாசித்தவளுக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தம்பியின் விசில்தான் வந்தது. இரண்டு தடவை ஒலித்து யாரும் எடுக்காத ஒரு போன் வந்தது. இதற்குத்தானா தினமும் அந்த மேஜையில் உட்கார்ந்தேன்? ஒரு நாளைக்குத் தேவைப்படும்போது ஒன்றும் இல்லையா? ஆண்டவரே என்று கூப்பிடவும் கோபமாக இருந்தது.

பத்து மணிக்கு அவர் தட்டில் சாப்பாடு கொண்டுவந்து கட்டில் ஓரம் வைத்தார். அவள் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி கவிழ்ந்தாள். அவர் தரையிலிருந்த கண்ணீர்த் தடத்தைத் துணியால் துடைத்தார். புத்தகத்தைத் தொடாமல், அதைச் சுற்றித் துடைத்தார். அதை அவள் ஓட்டை வழியே பார்த்தாள்.

கடிகாரம் மணிக்கு ஒரு தடவை ஒலித்தது. பதினொன்று. பன்னிரண்டு.

அப்போதுதான் ஒன்று அவள் மனதில் தைத்தது. அதிகாரம் முடியவில்லை. நான்காம் வசனத்தில் நிற்கிறது. பல்வலியோடு வாசித்திருக்கிறாள். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துகொண்டு வாசித்திருக்கிறாள். தம்பியை மண்ணில் வைத்துவிட்டு வந்து வாசித்திருக்கிறாள். ஒரு நாளும் பாதியில் எழுந்ததில்லை. அந்தச் சங்கீதத்தில் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு நேரம் கூப்பிடாமல் இருந்தாள். அதுவும் இப்போது அவளுக்குத் தெரிந்தது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.

ஓடி வந்தார். "கண்ணு வலிக்குதா?"

"இன்னிக்கு வாசிப்பு பாதியில நிக்குது. வந்து முடிங்க."

அவர் தயங்கினார். "நான் படிக்கலாமா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

தரையில் உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்து, நாடாத் துண்டு வைக்காத பக்கத்தைத் தேடிப் பிடித்தார். ஐந்தாம் வசனம். பாடுகிறவன் இனி மறைக்க மாட்டேன் என்று முடிவெடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். சொன்ன மாத்திரத்தில் மன்னிப்பு வந்துவிடுகிறது. அந்த இடத்தில் மாடி நம்பர் சொல்லும் குரல் உடைந்தது. மூன்று வார்த்தைக்கு ஒரு முறை நின்று, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார். மறுபடியும் அந்த ஒற்றை வார்த்தை வந்தது. இந்தத் தடவை அதை வாய்விட்டுச் சொல்லாமல் நிறுத்தினார்.

"இங்க மன்னிச்சது ஆண்டவர்" என்றாள் அவள். "நான் இல்ல."

"தெரியும்."

"நான் இன்னும் அங்க வந்து சேரல. எப்ப வருவேன்னும் தெரியல. மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா அது பொய். இந்தப் புத்தகத்த நடுவுல வெச்சுக்கிட்டுப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது."

"நான் கேக்கல."

"கேக்கலைன்னு தெரியும். நான் சொல்லணும்ல. மேல படிங்க."

வாசித்தார். பெருவெள்ளம் வந்தாலும் அணுகாது என்று வந்தது. ஆண்டவரே ஒளிந்துகொள்ளும் இடம் என்று வந்தது. அங்கே மூன்றாம் தடவையாக அந்த வார்த்தை. அவர் நிறுத்தினார்.

"இன்னிக்கு வரிய நீங்க எடுங்க" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எது உங்கள விடாம பிடிக்குதோ அதுதான்."

அவர் விரலை வரிமேல் வைத்தார். "இந்த ஒளிஞ்சுக்கற இடம்னு வருதே... இது."

"நீங்க ஆறு வருஷமா வேற எங்கயோ ஒளிஞ்சிருந்தீங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இருந்தது. கோபத்தோடு வேறொன்றும் இருந்தது. அதற்கு அவளே பெயர் வைக்கவில்லை. "நானும் கேக்காமலே விட்டுட்டேன். தினம் காலையில உங்கள விட்டுட்டு நான் மட்டும் உக்காந்து படிச்சேன். நல்லா இருந்துது எனக்கு. நீங்க ஏன் வரலைன்னு ஒரு நாளும் எழுந்து வந்து கேக்கல."

அவர் மிச்சம் இருந்த நான்கு வசனத்தையும் வாசித்து முடித்தார். புத்தகத்தை மூடினார்.

"நாளைக்கு முப்பத்திமூணு" என்றாள். "நீங்கதான் படிக்கணும். கோபம் தீர்ந்தாலும் தீரலைன்னாலும் அஞ்சரைக்கு வந்து உக்காருங்க."

"சரி."

"அவ நாலரை பஸ்ஸுக்கு வர்றா."

அவர் நிமிர்ந்தார்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "எனக்குத் தெரிஞ்சத மனசுல வெச்சுக்கிட்டு அவ கையால நான் சாப்பாடு வாங்கிச் சாப்பிடவும் மாட்டேன். அவன் போன் அப்புறம் அவகிட்டதானே இருந்துது? அவன் ரெண்டு தடவை கூப்பிட்டதப் பத்தி உங்ககிட்ட கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"தூங்கிட்டேன்னு சொன்னேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "முதல்ல அதச் சொல்லுங்க" என்றாள்.

---

நாலே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. அவர் போய்க் கதவைத் திறந்தார்.

விசிலின் மனைவி ஒரு தோளில் துணிப் பையும், ஒரு கையில் மருந்துப் பொட்டலமுமாக நின்றாள். சலவைக் கூடத்தின் சோப்பு வாசனை அவளோடு வந்தது. வெயிலில் நடந்து வந்த முகம், சிரித்தது.

"என்னண்ணே, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? அண்ணிக்குக் கண்ணுன்னா உங்களுக்குமா வயிறு காயுது?" செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். "தூங்கறாங்களா?"

"இல்லம்மா. முழிச்சுத்தான் இருக்கா."

உள் அறையிலிருந்து சத்தமே இல்லை. கட்டிலில் கவிழ்ந்திருந்தவள் வளையத்துக்குள் முகத்தை அழுத்திக்கொண்டு, அந்த அமைதியில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காது கொடுத்திருந்தாள். உதடு அசைந்தது. காலையில் ஒரு வரியும் அகப்படாதவளுக்கு இப்போது ஒன்று அகப்பட்டிருந்தது. அது அவர் எடுத்த வரிதான். அவருக்காக அதை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்ன, வழிய மறிச்சுக்கிட்டு நிக்கறீங்க? நகருங்கண்ணே" என்று வந்தவள் சிரித்தாள்.

அவர் நகரவில்லை. ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு அவன் கூப்பிட்டப்போ நான் தூங்கல."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. தோளில் இருந்த பையை அவள் இன்னும் இறக்கவில்லை.

"எந்த அன்னிக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.